மேகம் வந்த வாரம்

எங்கள் பக்கம் யாராவது இறந்துபோனால், வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் போனில் அதை அப்படியே சொல்ல மாட்டோம். "சீரியஸா இருக்கு, ஒடனே கெளம்பி வா" என்போம். பஸ்ஸில் தனியாக அழுதுகொண்டு வரக்கூடாது, வழியில் ஏதாவது ஆகிவிடக்கூடாது என்பதற்காக. கேட்கிறவனுக்கும் விஷயம் புரிந்துவிடும். அப்பா இறந்தபோது நான் போர்வெல் வண்டியோடு மகாராஷ்டிரத்தில் இருந்தேன். "அப்பாவுக்கு சீரியஸ்" என்று போன் வந்தது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேனேஜரிடம் போய், "அப்பா தவறிட்டாரு, ஊருக்குப் போவணும்" என்றேன். இதை இவ்வளவு நன்றாகத் தெரிந்தவன்தான் என் தங்கைக்கு அந்தப் போனைச் செய்தேன்.

தங்கை என்னைவிட ஏழு வயது சின்னவள். அவளைப் படிக்க வைப்பதற்காக நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பரில் கிளீனராக இருந்தேன். ஆண்டிமடத்தில் ஒரு பருவம் முந்திரிக்கொட்டை உடைத்தேன். கொட்டைப் பால் பட்டு விரல்களில் தோல் உரிந்ததும் அதையும் விட்டேன். பிறகு போர்வெல் வண்டி. பாதி நாட்டை அந்த வண்டியில் சுற்றியிருக்கிறேன். ஆனால் பார்த்ததெல்லாம் தரைக்குக் கீழே இருந்து வந்த தூளைத்தான்.

அவள் எனக்கு நேர் எதிர். பெரம்பலூரில் பள்ளிக்கூடம், திருச்சியில் கல்லூரி, அப்புறம் ஜெர்மனி. அங்கே மேகத்தைப் பற்றி ஆராய்ச்சி. மழை மேகம் இல்லை. துருவத்துப் பக்கம், குளிர்காலத்தில் மட்டும், எந்த விமானமும் போகாத உயரத்தில் உண்டாகிற மேகம்.

அம்மா வெங்காயக் களத்தில் தாள் அறுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். அந்தப் பக்கம் சின்ன வெங்காயம்தான் எல்லோருக்கும் வேலை கொடுக்கும். களத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அம்மாவைச் சும்மா விட மாட்டார்கள்.

"ஒம் பொண்ணு அங்க என்னதான் வேல பாக்குது?"

"ஆகாசத்துக்கு டார்ச் அடிக்குது."

"அடி ஆத்தே! இங்க பெய்யிற மேகத்தையே காணோம். அது அங்க போயி பெய்யாத மேகத்த எண்ணுதாக்கும்?"

"பெஞ்சா ஒங்கூட்டுக் கூரை ஒழுவுமில்ல, அதான் பெய்யாத மேகமா பாத்துப் படிக்குது."

அம்மா சொன்ன டார்ச் விஷயம் அவள் இட்டுக்கட்டியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கை போன் செய்வாள். நான் ஊரில் இருந்தால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுவேன். அம்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர்களுடைய ஆராய்ச்சி விமானம் முதலில் சாதாரண மேகத்தையெல்லாம் தாண்டி மேலே போய்விடும். அதன் கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல். அது வழியாக லேசர் ஒளியை இன்னும் மேலே அடிப்பார்கள். அங்கே ஏதாவது மிதந்தால் அந்த ஒளியில் துளியூண்டு திரும்பி வரும். திரும்பி வருவதை ஒரு குழாய் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"திரும்பி வந்தத வச்சு என்னடி தெரியும்?"

"போன மாதிரியே வந்தா அங்க இருக்கிறது உருண்டைத் துளிம்மா. முறுக்கிக்கிட்டு வந்தா அது கட்டி. பனிக்கட்டி மாதிரி."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. நாங்களும் முந்நூறு அடிக்குக் கீழே எட்டிப் பார்த்ததில்லை. கம்ப்ரஸர் காற்றில் மேலே வரும் தூளின் நிறத்தை வைத்துத்தான் இது மண், இது பாறை, இங்கே ஈரம் என்று சொல்கிறோம். அதைச் சொன்னேன். "அதேதாண்ணே. நீ கீழ போடுறே, நான் மேல போடுறேன். ரெண்டு பேருமே நேர்ல போயிப் பாக்கல" என்றாள்.

அந்த மேகம் எப்படி உண்டாகிறது என்பதுதான் அவளுடைய முழு வேலையும். தரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் அது. அங்கே ஈரமே கிடையாது. சூரியன் தலைகாட்டாத மாதங்களில் குளிர் சேர்ந்து சேர்ந்து, சுழியத்துக்குக் கீழே எண்பது டிகிரிக்குப் பக்கத்தில் போனால், அமிலமும் தண்ணீரும் கலந்த துளிகள் பருக்கும். இன்னும் குளிர்ந்தால் சில துளிகள் கட்டியாகும். அதையும் தாண்டினால் வெறும் பனி. ஆனால் எந்தத் துளி முதலில் உறைகிறது, எதைப் பிடித்துக்கொண்டு உறைகிறது என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். நடுவில் ஒரு பொடி வேண்டும். எரிகல் எரிந்து விழுந்த தூசியாக இருக்கலாம் என்று ஒரு கட்சி.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஒற மோர் எதுன்னு தேடுற. பால் இருக்கு, சட்டி இருக்கு. ஒற ஊத்தினது யாருன்னு தெரியல. அவ்ளோதான?" என்றாள்.

அந்தப் பக்கம் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "எம்மா, ஆறு வருஷமா இத நான் ஒழுங்கா ஒரு வரியில சொல்ல முடியாமக் கெடந்தேன்."

"கூலிய அனுப்பி வுடு" என்றாள் அம்மா.

அந்த மேகம் நினைத்தபோது வராது. குளிர்காலத்தில் சில வாரம்தான் அதற்கான குளிர் இருக்கும், அதிலும் நல்லபடியாக வருவது மூன்று நாளோ நாலு நாளோ. காற்று மலையில் மோதி மேலே எழும்பும் இடத்தில் இன்னும் கொஞ்சம் குளிரும், அங்கே வாய்ப்பு அதிகம். அதற்காக சுவீடனின் வடக்கு ஓரத்தில் ஓர் ஊருக்குப் போய் விமானத்தோடு காத்திருப்பார்கள். இந்தத் தடவை தையில் போயிருந்தாள். இரண்டு வாரம் ஆகியும் மேகம் வரவில்லை. போன குளிர்காலமும் அப்படியே கைவிரித்திருந்தது. "இந்த வருசமும் வரலன்னா என் வேலையே போயிடும்மா" என்று ஒரு ஞாயிறு சொன்னாள். அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து யாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி, "பாப்பா போன் பண்ணுச்சா, மேகம் வந்துச்சாமா?" என்பதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுப்படியில் விழுந்தாள். நான் ஊரில்தான் இருந்தேன். பெரம்பலூரில் பார்த்துவிட்டு திருச்சிக்கு அனுப்பினார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார்.

"பெருசா மாற்றம் வராதுங்க. ஐ.சி.யு.வுல வச்சிருக்கலாம், கொஞ்ச நாள் தள்ளும். இல்ல, வீட்டுல எல்லாரும் பக்கத்துல இருக்கணும்னா அழைச்சிட்டுப் போகலாம். குடும்பத்துல பேசிட்டுச் சொல்லுங்க."

குடும்பம் என்றால் அவள்தான். படித்தவள், முடிவு அவள் சொல்லட்டும் என்று இருந்தது. மாடிப்படிக்குக் கீழே நின்று போன் செய்தேன். அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

"பாப்பா, அம்மாவுக்கு சீரியஸ்."

"எப்பண்ணே?"

"காலையில. அடுப்படியில விழுந்துடுச்சு."

டாக்டர் கேட்டதை அவளிடம் கேட்டேன்.

"வச்சிருக்கவா, எடுத்துட்டுப் போயிடவா? ஒன்னக் கேக்காம முடிவு பண்ண முடியல."

"நான் இப்பக் கெளம்பினாலும் வர மூணு நாளாயிடும்ணே. எனக்காக வச்சிருக்க வேணாம். எடுத்துடுங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

"அம்மாவுக்குக் குளிர் ஆவாதுண்ணே."

வைத்துவிட்டாள்.

உள்ளே ஐ.சி.யு.வில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கால் ஜில்லென்று இருந்ததை நான் தொட்டுப் பார்த்திருந்தேன். அதனால் அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனால் அம்மாவின் முகத்தைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சுருக்கென்றும் இருந்தது. மறுநாள் காலை ஆம்புலன்ஸில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இனி சொல்வது அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கேட்டது "அம்மா செத்துப்போச்சு" என்பதை. எப்போது என்று கேட்டாள், காலையில் என்றேன். உடம்பை வைத்திருக்கவா, எடுத்துவிடவா என்று அண்ணன் கேட்கிறான் என்று நினைத்தாள். எங்கள் ஊரில் பிணத்தைத்தான் "எப்ப எடுக்குறாங்க" என்று கேட்போம். தனக்காக மூன்று நாள் ஐஸ் பெட்டியில் அம்மாவைப் போட்டு வைக்க வேண்டாம் என்று அவள் சொன்னாள். குளிரைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவள் அவள்தான்.

போனை அணைத்து அறையில் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழுவார்கள், அதைத் தாங்க முடியாது என்று. கூட இருந்தவர்கள் ஊருக்குப் போ என்றார்களாம். "அங்க எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனி காரியத்துக்குப் போனாப் போதும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

இங்கே ஒன்றும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா கண்ணைத் திறந்தாள். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு குழறியது. ஆனால் பேசினாள். பக்கத்து வீட்டு அத்தை கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள். முதல் வாய் இறங்கியதும், "பாப்பா எங்க?" என்றாள் அம்மா.

"வந்துக்கிட்டிருக்குது தாயி" என்றாள் அத்தை.

நான் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். விமானத்தில் இருப்பாள் என்று நினைத்தேன். மத்தியானம் செய்தேன். சாயங்காலம் செய்தேன். எனக்கு வாட்ஸ்அப்பில் எழுத வராது, பேசித்தான் அனுப்புவேன். "பாப்பா, போனைப் போடு." "பாப்பா, அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு." எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக், அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவளுடைய ஆபீஸ் எண் என்னிடம் இல்லை. ஆபீஸ் பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது. புதன்கிழமையும் அப்படியே போனது.

அம்மா நாளுக்குப் பத்து முறை கேட்டாள். தூங்கி எழுந்தால் அதே கேள்வி, திரும்பிப் படுக்க வைத்தால் அதே கேள்வி. எனக்கு வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. ஆனால் போகாமல் உட்கார்ந்திருந்ததையெல்லாம் தங்கை மேல் கோபமாகச் சேர்த்து வைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவின் குரலையே பிடித்து அனுப்பிவிடலாம், அதைக் கேட்டாவது மனசு இளகட்டும் என்று போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.

"பாப்பா வந்துட்டாளாடா?" என்றாள் அம்மா.

பொறுமையாக, "அவகிட்டயே கேளும்மா" என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் போனைப் பிடித்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவ வர மாட்டா. எனக்காக வச்சிருக்க வேணாம், எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டா. நீ சும்மா அவளையே கேக்காத."

அம்மா என்னைப் பார்த்தாள். இடது கையால் போர்வையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"மேகம் வந்திருக்கும்டா" என்றாள். "அது வர்றதே நாலு நாளு. வுட்டுட்டு எப்படி வருவா? நீ அவள வையாத."

விரலை எடுத்தேன். செய்தி போய்விட்டது. ஒற்றை டிக்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் அம்மா போய்விட்டாள். அத்தைதான் முதலில் பார்த்தாள். அம்மா போய்விட்ட விவரத்தையும் தங்கைக்குப் பேசி அனுப்பினேன். அன்றைக்கே எடுத்தோம், யாருக்காக வைத்திருக்க?

சனிக்கிழமை காலை போன் அடித்தது. "சென்னை வந்துட்டேன்ணே. பஸ் ஏறிட்டேன். நாலு ரோட்டுல வந்து நில்லு." நான் அனுப்பியதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் ஒன்றையும் திறக்கவே இல்லை. போனைப் போட்டதும் எனக்குத்தான் முதலில் அடித்திருக்கிறாள்.

பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்கினாள். கண்கள் வீங்கியிருந்தன. தடித்த கோட்டை இடுப்பில் கட்டியிருந்தாள். என் தலையைப் பார்த்து, "மொட்டை புதுசா இருக்கு" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். பாதி வழியில் என் தோளுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"செவ்வாக்கெழம வந்துச்சுண்ணே மேகம். புதன்கெழமையும். கொட்டிக் கெடந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் வானம் பூரா சிப்பியோட உள்பக்கம் மாதிரி பளபளன்னு. திரையில கோடு கோடா ஏறுது, எல்லாரும் கை தட்டுறாங்க. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல எனக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. வண்டியை வேகமாக ஓட்டினேன்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, பின்னால் ரோஜாவும் புறாவும் போட்டிருந்தார்கள். அவள் "நிறுத்துண்ணே" என்றாள். இறங்கிப் போய் அதன் முன்னால் நின்றாள். அழுவாள் என்று நான் வண்டியிலேயே இருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தேதியத் தப்பாப் போட்டிருக்காங்கண்ணே."

"எது?"

"மறைவு. நேத்துன்னு போட்டிருக்கு."

"நேத்துதான பாப்பா."

"என்னண்ணே சொல்ற? ஞாயித்துக்கெழம போன் பண்ணி சீரியஸ்னு சொன்னியே."

"சீரியஸாத்தான் இருந்துச்சு" என்றேன்.

சொல்லும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. அவள் பிளெக்ஸின் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உசுரோட இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணே?"

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன் நான். அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டியா தாயி, கண்ணத் தொறந்த மூணு நாளும் ஒம் பேரத்தானே சொல்லிக்கிட்டுக் கெடந்தா" என்று ஒப்பாரி வைத்தாள். அத்தைக்கு எதுவும் தெரியாது. தங்கை அப்படியே நின்றாள்.

கொஞ்சம் அடங்கியதும் போனை எடுத்துப் பார்த்தாள். என் பெயருக்கு எதிரே வரிசையாகச் செய்திகள்.

"நீ அனுப்புனதெல்லாம் இதுல இருக்குல்ல? அம்மா பேசுனது ஏதாவது இருக்காண்ணே?"

"குளிச்சிட்டு வா. அப்பறம் கேக்கலாம்" என்றேன்.

பின்பக்கம் போனாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் என் போனைத் திறந்தேன். வியாழக்கிழமை அனுப்பியதை நீளமாக அழுத்தினேன். எல்லாருக்கும் நீக்கவா என்று கேட்டது. அம்மாவின் காதில் நான் சொன்னதை அவள் கேட்கக்கூடாது. அந்த ஒரு நினைப்புதான் இருந்தது. அழுத்திவிட்டேன்.

அவள் ஈரத் தலையோடு வந்து தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் என் குரல். போனைப் போடு, போனைப் போடு. வியாழக்கிழமை வந்ததும் நின்றாள்.

"இது என்னண்ணே? நீக்கப்பட்டதுன்னு இருக்கு."

"அது வண்டிக்காரனுக்கு அனுப்ப வேண்டியது. தப்பா ஒனக்கு வந்துடுச்சு."

"அம்மா பேசுனது எதுலயுமே இல்லையா?"

"இல்ல."

தலையை ஆட்டினாள். அடுத்ததைக் கேட்டாள், அது வெள்ளிக்கிழமை அனுப்பியது.

பதினாறாம் நாள் முடிந்து அவள் திரும்பிப் போனாள். அவளுடைய வேலை போகவில்லை. அந்த இரண்டு நாள் மேகத்தை வைத்துக்கொண்டு இன்னும் பல வருஷம் வேலை இருக்கிறதாம். நான் மறுபடி வண்டி ஏறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் எந்த ஊரில் இருந்தாலும், போன் வரும். சாப்பாடு, வண்டி, வெயில் என்று பேசுவோம். வைக்கப்போகும் நேரத்தில் கேட்பாள்.

"நான் வரலன்னு அம்மா ஏதாவது சொல்லிச்சாண்ணே?"

"ஒன்னக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்பேன். அது பொய் இல்லை.

அம்மா சொன்னது அவளுக்குத்தான் சேர வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் நான் சொன்னதையும் சொல்ல வேண்டும். என் குரலை வெட்டிவிட்டு அம்மாவின் குரலை மட்டும் தனியாக எடுத்துக்கொடுக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.